அப்பா அம்மாவுக்கு வயதாகும்போது செய்து வைக்க வேண்டியவை: நெல்லைப் பக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்றைக்கு எங்களுக்கு நிலம் இருந்தது, வங்கியில் பணம் இருந்தது, மூன்று பிள்ளைகள் இருந்தோம். ஆனால் ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய முன்பணத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. கணக்கு அப்பா பெயரில் மட்டும் இருந்தது, அவருக்கோ கை எழும்பவில்லை. அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அன்றைய பாட்டைப் பார்த்தோம். அதற்கு அப்புறம் அம்மாவுக்கு, மாமனார் மாமியாருக்கு, சித்தப்பா வீட்டுக்கு என்று இந்த வேலையை உட்கார்ந்து முழுதாகச் செய்து கொடுத்திருக்கிறேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் இடறுகிறார்கள். உயிலில் ஆரம்பிப்பார்கள், ஆவணத்துக்கு ஆவணம் பெயர் ஒட்டாமல் நின்றுவிடும். பட்டாவில் ஆரம்பிப்பார்கள், அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். நான் கீழே கொடுத்திருக்கும் வரிசையிலேயே போங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழி திறக்கிறது என்பதால்தான் இந்த வரிசை. மொத்தமாக மூன்று நான்கு மாதம் ஆகும். அப்பா அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. நினைவு தப்பிய பிறகு இதில் பாதியைச் சட்டப்படியே செய்ய முடியாது.

ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கெட்டி அட்டைக் கோப்பு, ஒரு கோடு போட்ட நோட்டு, ஆதார், ரேஷன் கார்டு இரண்டின் நகலும் இருபது இருபது, பாஸ்போர்ட் அளவு போட்டோ. அப்புறம் உங்கள் ஆட்களில் யாராவது ஒருவர் மாதத்தில் இரண்டு வேலைநாள் ஊரில் இருக்க வேண்டும். சனி ஞாயிறில் சென்னையிலிருந்து வந்து போய்ச் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தாலுகா ஆபீசும் வங்கியும் திங்கட்கிழமைதான் முழுதாக இயங்கும், நீங்களோ ஞாயிறு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் ஏறிவிட்டிருப்பீர்கள்.

1. முதலில் பேச்சு, அதில் சொத்து வரவே கூடாது

எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கோ, அம்மன் கோயில் கொடை விழாவுக்கோ எல்லாப் பிள்ளைகளும் ஊருக்கு வந்துவிடுவோம். பேசுவதற்கு அதுதான் தோது. ஆனால் கொடை அன்றைக்கே பேசாதீர்கள். மறுநாள் காலையில், வந்த சனம் கிளம்பிய பிறகு, தார்சாவில் அப்பா உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள்.

நான் முதல் தடவை செய்த தவறு, "மூலப்பத்திரம் எங்கப்பா இருக்கு?" என்று ஆரம்பித்தது. "நான் இன்னும் கெடையில விழலலே, அதுக்குள்ள பத்திரத்தத் தேடுதியளோ?" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் ஒரு வருஷம் அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை, அந்த வருஷத்துக்குள்தான் பக்கவாதம் வந்தது.

அதனால் அவருடைய உடம்பைப் பற்றிக் கேளுங்கள். "திடீர்னு முடியாமப் போனா எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்? பக்கத்துல யாரைக் கூப்பிடணும்? அம்மா தனியா இருந்தா எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க?" இந்த மூன்று கேள்வி போதும். தன்னுடைய விருப்பத்தைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பத்திரப் பேச்சை அவரே எடுப்பார்.

அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். அப்பா இருக்கும்போது அம்மா "அவங்க சொல்லுததுதான்" என்று முடித்துவிடுவார்கள். அடுக்களையில் கூட உட்கார்ந்து கேட்டால்தான் எந்த மகன் வீட்டில் இருக்க விருப்பம், யாரிடம் கைமாற்று கொடுத்திருக்கிறார்கள், சொசைட்டியில் எந்த நகை அடகில் இருக்கிறது என்பதெல்லாம் வெளியே வரும். அந்த அடகுச் சீட்டு எங்கே என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது பேசுவது முக்கியம், கட்டிக்கொடுத்த அக்கா தங்கச்சியும் சேர்த்துத்தான். ஒருவரை விட்டுவிட்டுப் பேசினால், பிற்பாடு அவர் கையெழுத்து தேவைப்படும் இடத்தில் அது வந்து நிற்கும்.

2. அவசரத் தாள், ஒரே நாளில் முடிகிற வேலை

பேசிய அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள். ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் பெயர், வயது, ரத்த வகை, என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், பிள்ளைகளின் போன் நம்பர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதற்கு அடிக்கோடு போடுங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு நகலைப் பட்டாசலில் (முன் கூடத்தில்) ஒட்டுங்கள், ஒன்றைக் கோப்பில் வையுங்கள், போட்டோ எடுத்து எல்லாப் பிள்ளைகளின் போனுக்கும் அனுப்புங்கள்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். விக்கிரமசிங்கபுரத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாய் கோணினால், கை கால் ஒரு பக்கம் தளர்ந்தால், பேச்சு குழறினால் பக்கத்து டாக்டரிடம் காட்டிவிட்டுப் பார்ப்போம் என்று உட்காராமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். எந்த நேரத்தில் ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூட இருப்பவருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இதே வாரத்தில் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் எடுக்கலாம், தென்காசி மாவட்டத்துக்காரர்கள் தென்காசி கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். படுத்த பிறகு அட்டைக்கு அலைவது பெரிய பாடு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

3. பெயரை ஒட்ட வையுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆதாரில் 'பேச்சியம்மாள்', ரேஷன் கார்டில் 'பேச்சி', பத்திரத்தில் 'சுடலைமுத்து மனைவி பேச்சியம்மாள்', வங்கியில் ஆங்கிலத்தில் வேறு எழுத்து, முதலெழுத்து ஒன்றில் கணவர் பெயர், இன்னொன்றில் அப்பா பெயர். நம் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய எந்த அம்மாவுக்கும் இது இல்லாமல் இருக்காது.

ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். எது அதிக இடத்தில் பொருந்துகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுங்கள். பழைய பத்திரத்தை மாற்றுவது எளிதில்லை, அதனால் பத்திரத்தில் இருக்கும் பெயருக்குப் பக்கத்தில் ஆதாரைக் கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். ஒட்டவே ஒட்டாத இடத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதிக் கோப்பில் வையுங்கள்.

பீடி சுற்றின அம்மாக்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு பி.எப். கணக்கு இருக்கிறது, பென்ஷன் உரிமையும் இருக்கிறது. 2014 செப்டம்பரிலிருந்து அந்தப் பென்ஷன் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். ஆனால் கடைக்காரர் அந்தக் காலத்தில் எழுதிக்கொண்ட பெயரும் வயதும் ஆதாரோடு ஒட்டாது. அம்மா உயிரோடு இருக்கும்போது திருத்துவது அலைச்சல், அவ்வளவுதான். அம்மா போன பிறகு அந்தப் பணத்தை வாங்குவது பல வருஷக் கதை.

4. பணம்: கணக்கு, நாமினி, பென்ஷன்

எங்கள் வீட்டில் இடறிய இடம் இது. செய்ய வேண்டியது சின்ன வேலை: அப்பா கணக்கில் அம்மாவையும், ஊரில் இருக்கும் ஒரு பிள்ளையையும் சேர்த்து 'யாராவது ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுவது. இரண்டு பேர் மட்டும் என்றால் வங்கியில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று கேட்டால் புரியும், மூன்று பேர் என்றால் 'எனி ஒன் ஆர் சர்வைவர்'. கூட்டுக் கணக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் சில நேரம் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய கணக்காகத் திறந்துவிடுவார்கள், பாஸ்புக்கில் பார்த்துவிட்டு வாருங்கள். எல்லாப் பணத்தையும் இதில் வைக்க வேண்டாம். ஆறு மாதச் செலவுக்கும் ஒரு ஆஸ்பத்திரி முன்பணத்துக்கும் போதுமானது இருந்தால் சரி, மிச்சம் அப்பா பெயரிலேயே இருக்கட்டும்.

கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் பெருவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை வாங்கிப் பணம் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு இது தெரியாது, கவுண்டரில் இருந்தவரும் சொல்லவில்லை. நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டு மேலாளரிடம் கேளுங்கள். 70 வயது தாண்டியவர்கள் வீட்டுக்கே வரும் வங்கிச் சேவையையும் கேட்கலாம்.

நாமினி விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு குழப்பம் உண்டு. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்கிற ஆள்தான், உரிமையாளர் இல்லை. வாங்கிய பணம் உயில்படியோ வாரிசு முறைப்படியோதான் போய்ச் சேர வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஒவ்வொரு கணக்கு, டெபாசிட், லாக்கர், தபால் ஆபீஸ் சேமிப்பு, எல்.ஐ.சி. என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பாலிசியில் இறந்துபோன ஆச்சி பெயர் நாமினியாக இருப்பதை நான் மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன்.

பென்ஷன் வாங்குகிறவர் என்றால் பென்ஷன் புத்தகத்தில் அம்மா பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், குடும்ப பென்ஷன் அதை வைத்துத்தான் வரும். வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை வைத்துச் செய்து கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். படுக்கையில் இருப்பவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

போனில் வரும் ஓ.டி.பி. நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை அப்பாவிடம் பத்து தடவை சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் அவரைத் திட்டிக்கொண்டு நேரத்தைப் போக்காமல் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

5. நிலமும் வீடும் உண்மையில் யார் பெயரில் இருக்கிறது

உயிலுக்கு முன்னால் இது ஏன் என்றால், தன் பெயரில் இல்லாததை யாரும் உயிலில் எழுத முடியாது. ஊரில் பாதி வயலும் விளையும் இன்னும் தாத்தா பெயரில்தான் கிடக்கிறது. அப்பா ஐம்பது வருஷமாக உழுது வாழை போட்டிருப்பார், பட்டாவில் அவருடைய அப்பா பெயர் இருக்கும், அல்லது நான்கு சித்தப்பா பெயரோடு கூட்டுப் பட்டாவாக இருக்கும்.

ஒவ்வொரு சொத்துக்கும் நான்கு தாள் தேடுங்கள்: தாய்ப்பத்திரம், நடப்புப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. பட்டாவும் வில்லங்கமும் இணையத்திலேயே பார்க்கலாம். வில்லங்கம் போடும்போது கவனம், பழைய காலத்தில் உங்கள் கிராமம் வேறு சார்பதிவாளர் ஆபீஸின் கீழ் இருந்திருக்கலாம், அங்கேயும் தேட வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது ஆலங்குளம், சங்கரன்கோவில் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன, பழைய தாளில் மாவட்டம் திருநெல்வேலி என்றே இருக்கும். அது தவறு இல்லை, ஆனால் இன்றைக்கு எழுதும் பத்திரத்தில் புது மாவட்டம், புது வட்டம் வர வேண்டும்.

பத்திரம் தொலைந்திருந்தால் பதற வேண்டாம், பத்திர எண்ணும் வருஷமும் தெரிந்தால் சார்பதிவாளர் ஆபீஸில் நகல் கிடைக்கும்.

தாத்தா பெயரில் இருந்தால் அவருடைய இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, அப்புறம் எல்லா வாரிசுகளும் சேர்ந்து பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்). இறப்பை அந்தக் காலத்தில் பதியவே இல்லை என்றால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். இந்த ஒரு வேலை மட்டுமே மாதக்கணக்கில் இழுக்கும். மனுவைக் கொடுத்துவிட்டு மற்ற படிகளைப் பாருங்கள்.

இங்கே அத்தைமார் கையெழுத்து விஷயம் வரும். "சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு, அவங்களுக்கு என்ன பங்கு" என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமே கிடையாது. இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமாகப் பிறப்புரிமை உண்டு என்பதை 2005 திருத்தமும், அதற்குப் பிறகு 2020ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டன. விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. நேரில் போய், உட்கார்ந்து, என்ன செய்கிறோம் என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிற வேலையே வேண்டாம்.

இன்னொன்று எல்லோரும் மறப்பது ஆச்சியை. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி மக்களோடு அவரைப் பெற்ற தாய்க்கும் சமப் பங்கு உண்டு.

6. அதிகாரப் பத்திரம்: எதுவரை உதவும்

பவர் எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் அது அன்றோடு செத்துவிடும். அவருக்குப் புத்தி சுவாதீனம் போனாலும் சட்டப்படி முடிந்துவிடும். அதாவது மறதி நோய் முற்றியோ, நினைவில்லாமலோ கிடக்கிற நேரத்தில், நமக்கு மிகவும் தேவைப்படும்போது அது கைகொடுக்காது. அப்புறம் காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டியதுதான். நான்காவது படியில் கூட்டுக் கணக்கை வற்புறுத்தியது இதனால்தான்.

ஆனாலும் அப்பாவுக்கு நடக்க முடியவில்லை, நினைவு தெளிவாக இருக்கிறது என்றால் பவர் உதவும். இன்ன வேலைக்கு என்று குறிப்பிட்ட தனி அதிகாரம் மட்டும் எழுதுங்கள்: பட்டா மாறுதல் மனு, மின் இணைப்பு, குத்தகைப் பணம் வாங்குவது. விற்கும் அதிகாரம் சேர்த்த பொதுப் பவரை எழுதச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும், சொந்த மகனாகவே இருந்தாலும், நிறுத்தி யோசியுங்கள்.

7. உயிலா, செட்டில்மெண்டா

இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவே ஆறாது. செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்த நிமிஷமே சொத்து கைமாறிவிடும், மனசு மாறினால் தானாக ரத்து செய்ய முடியாது. உயில் அவர்கள் காலத்துக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

என் யோசனை, பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு எப்போதும் உயில்தான். ஏதோ காரணத்தால் செட்டில்மெண்ட்தான் எழுத வேண்டும் என்றால் அதில் இரண்டு வாசகம் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். ஒன்று, இருவரும் ஆயுள் உள்ளவரை அங்கே குடியிருக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை. இரண்டு, எழுதி வாங்குகிறவர் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய்ப்பேச்சை நம்பக் கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள், போட்டோவும் ரேகையும் அங்கேயே ஏறிவிடும். நடக்க முடியாதவர் என்றால் மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவார்.

உயிலைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சாட்சிதான். இரண்டு சாட்சி வேண்டும், எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அவர் முன்னாலேயே அவர்களும் போட வேண்டும். பிற்பாடு நீதிமன்றத்தில் அந்த இருவரில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியப்பா தன் வயதுக் கூட்டாளிகள் இருவரைச் சாட்சி போட்டார், அவர் போவதற்கு முன்னாலேயே அவர்கள் இருவரும் போய்விட்டார்கள். சாட்சி உங்கள் வயதுக்காரராக, ஊரிலேயே இருப்பவராக, உயிலில் பங்கு இல்லாதவராக இருக்கட்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் சாட்சி போட்டவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது என்று சட்டமே சொல்கிறது.

அதே வாரத்தில் டாக்டரிடம் 'நல்ல மனநிலையில் இருக்கிறார்' என்று ஒரு சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை பட்டாவில் உள்ளபடியே வர வேண்டும். கடைசியில் 'இதில் சொல்லாத மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு' என்று ஒரு வரி. ஒரு பிள்ளைக்குக் குறைவாக எழுதினால் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். அதிகப் பங்கு வாங்கப்போகும் பிள்ளை எழுத்தரைக் கூட்டி வருவது, வாசகம் சொல்லிக் கொடுப்பது எதையும் செய்யக் கூடாது, அதுவே பின்னால் சந்தேகத்துக்கு வழி.

இஸ்லாமியக் குடும்பங்களில் கணக்கு வேறு. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, ஹிபா (உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் தானம்) என்றால் சொத்தை உடனே ஒப்படைக்க வேண்டும். தெரிந்த வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள். வக்கீலுக்கு வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கு அடிக்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம், அதனால் மனுவை அம்மா பெயரிலேயே கொடுக்கலாம்.

8. சிகிச்சை எதுவரை என்பதையும் எழுதலாம்

குணமாகாத நிலையில் வென்டிலேட்டரில் வைக்க வேண்டுமா, வீட்டுக்குக் கூட்டிவர வேண்டுமா என்பதை இப்போதே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018ல் அனுமதித்தது. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி கையொப்பம் போதும். தன் சார்பில் முடிவெடுக்க இன்னார் என்று பெயரும் எழுதலாம்.

இதைப் பேசுவது கஷ்டம்தான். ஆனால் ஐ.சி.யூ. வாசலில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொன்று சொல்லி, அந்தப் பேச்சு கடைசிவரை ஆறாமல் போனதைப் பார்த்த பிறகு, என் அம்மாவிடம் நான் நேராகவே கேட்டேன். "எனக்கு நம்ம வீட்டு அரங்குக்குள்ள, எங்க ஆத்தா போட்டோ பக்கத்துல போதும்யா" என்றார்கள். அரங்கு என்றால் வீட்டின் உள்ளறை. அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.

9. யார் பார்த்துக்கொள்வது

முதலில் வீடு. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, உட்கார்ந்து போகும் கழிப்பறை, படுக்கையிலிருந்து புறவாசல் வரை ராத்திரி விளக்கு. பழைய வீடுகளில் வாசல்படி உயரம், நடுவில் ஒரு படி போட்டுவிடுங்கள். இதெல்லாம் விழுந்த பிறகு செய்வதைவிட இப்போதே செய்வது மலிவு.

அப்புறம் ஆள். கூட இருந்து பார்ப்பது பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான், வெளியூரில் இருப்பவர்கள் போனில் யோசனை சொல்வோம். இதைச் சரிசெய்ய நாங்கள் ஒரே ஒரு தாள் எழுதினோம். யார் மாதம் எவ்வளவு எந்தத் தேதிக்குள் கூட்டுக் கணக்கில் போட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போக வேண்டும், பார்த்துக்கொள்ளும் மைனிக்கு (அண்ணன் மனைவிக்கு) வருஷத்தில் எந்த இரண்டு வாரம் முழு ஓய்வு, அந்த வாரங்களில் யார் வந்து நிற்க வேண்டும். மைனி கேட்டு வாங்குகிற நிலைமையே வரக் கூடாது என்பதற்காகப் பணம் தேதி தவறாமல் வர வேண்டும் என்று எழுதினோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். சட்டத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று நாங்கள் பார்க்கவில்லை, எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

கூலிக்கு ஆள் வைத்தால் ஆதார் நகல் வாங்குங்கள், சம்பளத்தைக் கணக்கில் போடுங்கள், மாத்திரை கொடுத்த நேரத்தை நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

10. கவனிக்காமல் விட்டால்

இது வரக் கூடாது, ஆனால் வருகிறது. பெற்றோர், பராமரிக்காத பிள்ளைகள் மீது வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அம்பாசமுத்திரம் பக்கத்துக்குச் சேரன்மகாதேவி, தென்காசி மாவட்டத்தில் தென்காசியும் சங்கரன்கோவிலும். சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு போடலாம். மனு எளிய தாளில் போதும். எங்கே போவது என்றே தெரியாத பெரியவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசலாம். இந்த எண்ணை உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஆச்சிக்கும் சுவரில் எழுதிக் கொடுங்கள்.

11. வருஷத்துக்கு ஒரு தடவை

கொடைக்கு வரும்போது கோப்பை எடுத்து ஒரு மணி நேரம் பாருங்கள். மாத்திரைத் தாளைப் புதிதாக எழுத வேண்டும், பாஸ்புக்கில் வரவு போட வேண்டும், வில்லங்கம் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும், நாமினிகளும் உயில் சாட்சிகளும் எல்லோரும் இருக்கிறார்களா என்று சரிபார்க்க வேண்டும். பத்து வருஷம் தொடாத வங்கிக் கணக்குப் பணம் ரிசர்வ் வங்கிக்குப் போய்விடும், அப்படி ஏதாவது போயிருக்கிறதா என்பதை 'உத்கம்' இணையதளத்தில் அப்பா பெயர் போட்டுத் தேடலாம்.

கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பது குறைந்தது மூன்று பேருக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அது அரங்கில் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள், மேல் தட்டில், பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது. சாவி தங்கச்சியிடம்.